ஒன்றரைச் சாண் மேலே

வல்லம் வடகால்,
7 ஜூலை 2025

பாண்டிச்செல்விக்கு,

நீ என் முதுகில் மிதித்தாய். அதனால் என் வலது கால் போய்விட்டது. நடந்தது இவ்வளவுதான். நீ ஊரில் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டு மாடி அறைக்கு உன்னோடு வாடகைக்கு வந்த கவியாவிடம் போனில் வேறு விதமாகச் சொல்லிவருகிறாய் என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

மே மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, என் வீட்டுக் கூடத்தில், என் இடுப்பில், உன் வலது குதிகாலால் மூன்று முறை. அதுவரை நான் நடந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் குளியலறையில் வலது கால் மடங்கி விழுந்தேன். இப்போது பாபு பிடித்துக்கொண்டால்தான் வாசல் வரை போக முடிகிறது. பெற்ற மகன் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிப் பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு, ஷிஃப்ட் முடிந்து வந்து இங்கே என்னைத் தூக்கி வைக்கிறான்.

அதோடு நிற்கவில்லை. போன வாரம் வடித்த கஞ்சி இடது காலில் கொட்டியது. எனக்குத் தெரியவே இல்லை. கவியா பார்த்துக் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தேன். ஒரு காலை முடக்கினாய், இன்னொன்றை மரக்கட்டை ஆக்கினாய். முடங்கிய கால் சில சமயம் தானாக உதைத்துக்கொள்கிறது. தூக்கு என்றால் தூக்காத கால், நான் சொல்லாதபோது உதைக்கிறது.

தனியார் மருத்துவமனையில் இடுப்பைப் படம் எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது, வயதானால் இப்படித்தான் என்று மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு அறுபத்திரண்டுதான் ஆகிறது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, மனு எழுதித் தர ஆள் தேடி அலைந்தேன். ஒருவர் சுந்தராம்பாள் என்ற என் பெயரையே மாற்றி எழுதிவிட்டார். அன்றிலிருந்து நானே எழுதக் கற்றுக்கொண்டேன். இதுவரை இருபத்திரண்டு மனுக்கள். ஒன்றில்கூட ஒரு பொய் கிடையாது. இருபத்திரண்டாவது, உன்னைப் பற்றி உன் கம்பெனிக்குக் கொடுத்தது. அவர்கள் உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது நியாயம்தான்.

இந்தக் கடிதம் கண்ட பதினைந்து நாளில், "நான் மிதித்ததால்தான் இவருடைய கால் போயிற்று" என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போன் செய்யாதே, உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். உன் ஆதார் நகலில் உள்ள முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். பதில் எழுதும்போது பெரியம்மா என்று எழுதாதே. பெரியம்மா என்று நினைத்திருந்தால் அப்படி மிதித்திருப்பாயா?

சுந்தராம்பாள்


சங்கரன்கோவில் வட்டம்,
16 ஜூலை 2025

பெரியம்மாவுக்கு,

இப்படி எழுதக் கூடாது என்றீர்கள். இரண்டு வருஷமாகக் கூப்பிட்ட வார்த்தை, வேறொன்று வரவில்லை.

மிதித்தேன். இல்லை என்று கவியாவிடமும் சொல்லவில்லை. நீங்கள் எழுதாமல் விட்டதைத்தான் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு நீங்கள்தான் கூப்பிட்டீர்கள்.

"ஏ பொண்ணு, நீ காலால பொறந்தவளாமே? கவியா சொல்லிச்சு. வந்து நாலு மிதி மிதிச்சிட்டுப் போ. இடுப்பு இன்னாமா வலிக்குது தெரியுமா?"

நான் வேண்டாம் என்றேன். ஈரக் காலோடு வாசலிலேயே நின்றேன்.

"இன்னா யோசிக்கிற? உங்க ஊர்லதான் இதெல்லாம் ஜாஸ்தி பாப்பாங்களே. வாடி."

மூன்று முறை மிதித்தேன். காலை வைத்து எடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். "கோழி நடக்கற மாறி நடக்கிறியே, துன்றது எல்லாம் எங்க போவுது, நல்லா அழுத்து" என்று திட்டினீர்கள். எழுந்து உட்கார்ந்து, "போயே போச்சு பாரு" என்று சிரித்தீர்கள். எனக்கும் கவியாவுக்கும் டீ போட்டுக் கொடுத்தீர்கள். இஞ்சி தட்டிப் போட்டிருந்தீர்கள்.

நான் தலை முன்னால் வராமல் கால் முன்னால் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். எட்டு வயதிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கு முதுகு பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் கூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. என்னால் ஒருவருக்கு நல்லது நடக்கிறது என்று பெருமையாகத்தான் இருந்தது. உங்களுக்குப் பிறகு அந்தப் பெருமை போய்விட்டது. போன வாரம் ஒரு மாமா முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தார். முடியாது என்று உள்ளே போய்விட்டேன். அம்மா பீடித் தட்டை மடியில் வைத்தபடியே கத்தினாள்.

"ஏட்டி, மனுசன் வாசல்ல நிக்காரு. ஒரு மிதி மிதிச்சா ஒன் காலு தேஞ்சா போவும்?"

என் கால் தேயாது. அவர் காலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் தருவார்கள்? அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. எதற்கு ஊருக்கு வந்தேன் என்றே அவளுக்கு இன்னும் தெரியாது.

உங்கள் மனுவை வைத்துக்கொண்டு எச்.ஆர். என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது: "போலீஸ் கேஸ்னு ஆச்சுன்னா கம்பெனி பேரு கெடும்மா. பிரச்சனைய முடிச்சிட்டு வா, பார்க்கலாம்." மூன்று வருஷம் ஒயர் ஹார்னஸ் லைனில் நின்றேன், கடைசி ஒரு வருஷம் டெஸ்டிங்கில். இப்போது பீடி சுற்றுகிறேன்.

நீங்கள் கேட்டதை எழுதித் தர எனக்குக் கை வரவில்லை. நான் செய்யவில்லை என்பதற்காக இல்லை. செய்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

கஞ்சி கொட்டிய இடத்தில் கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

பாண்டிச்செல்வி


வல்லம் வடகால்,
28 ஜூலை 2025

பாண்டிச்செல்விக்கு,

கூப்பிட்டது நான்தான். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கிணற்றில் தள்ளிவிட்டு, நீங்கள்தானே கேட்டீர்கள் என்பாயா?

தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். தெரிய வைக்கிறேன். பாபுவை ஸ்ரீபெரும்புதூர் நூலகத்துக்கு அனுப்பி, நர்ஸ் படிப்புக்கான உடற்கூறு நூல் ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். "யம்மா, கேஸ் எழுத சட்டப் புக்கு கேட்ட, இப்ப எலும்புக்கூடு புக்கு கேக்கற, அடுத்து இன்னா ராக்கெட்டா?" என்றான். எட்டு நாள் படித்தேன். உனக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

மூளையின் மேற்பரப்பில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பங்கீடு நியாயமாக இல்லை. கட்டைவிரலுக்கும் உதட்டுக்கும் ஏக்கர் கணக்கில் இடம், முழு முதுகுக்கும் இரண்டு சென்ட். கால்களுக்கான இடம் உச்சியில், மூளையின் இரண்டு பாதிகளும் சந்திக்கும் வரப்பு ஓரமாக இருக்கிறது. தடுமாறாமல் நடக்க வைப்பது பின்னால் கீழே இருக்கும் சிறுமூளை. மூச்சையும் இதயத்தையும் பார்த்துக்கொள்வது மூளையின் அடியில் இருக்கும் முகுளம். இவை எல்லாவற்றிலிருந்தும் வருகிற உத்தரவு தண்டுவடம் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். அது சுண்டுவிரல் தடிமன்தான். முதுகெலும்புக்குள் ஓடுகிறது. அதிலிருந்து இரண்டு பக்கமும் முப்பத்தொரு ஜோடி நரம்புகள் பிரிகின்றன.

தண்டுவடம் வெறும் வழி மட்டும் இல்லை. சூட்டில் கை பட்டால் மூளைக்குத் தகவல் போய்ச் சேரும் முன்பே கையை இழுத்துவிடுவது தண்டுவடம்தான். வழக்கமாக மூளை அதை அடக்கி வைத்திருக்கும். மேலிருந்து வரும் அடக்கும் உத்தரவு அறுந்தால் அது தன் இஷ்டத்துக்கு உதைக்கும். என் கால் உதைப்பது இதனால்தான். மேலே அதிகாரி இல்லாத அலுவலகத்தில் கீழே இருப்பவர் ஆடுவது போல.

முக்கியமானது இது. அசை என்ற உத்தரவு மூளையின் இடது பாதியில் புறப்பட்டு, முகுளத்தில் பக்கம் மாறி, தண்டுவடத்தின் வலப் பக்கமாக இறங்கி வலது காலுக்குப் போகிறது. சூடு, வலி என்ற தகவல் காலிலிருந்து ஏறி, தண்டுவடத்துக்குள் நுழைந்த உடனேயே பக்கம் மாறி, எதிர்ப் பக்கமாக மேலே போகிறது. ஒன்று மேலே முகுளத்தில் மாறுகிறது, இன்னொன்று கீழே நுழைவாயிலில் மாறுகிறது. பாதம் எதைத் தொடுகிறது என்ற தகவல் மட்டும் அதே பக்கமாக ஏறி முகுளத்தில்தான் மாறுகிறது. படத்தை ஸ்கேல் வைத்து வரைந்து இணைத்திருக்கிறேன். அறுந்த இடம் எது என்று நீயே பார்த்து ஒப்புக்கொள்.

படிக்கும்போது ஒரு பக்கம் வந்தது. மறைப்பது என் பழக்கம் இல்லை. தண்டுவடம் முதுகெலும்பின் அடி வரை வருவதில்லையாம். இடுப்புக்கு மேலேயே, இடுப்பு முள்ளெலும்பில் முதலாவது இரண்டாவதிலேயே முடிந்துவிடுகிறதாம். அதற்குக் கீழே குதிரை வால் போல நரம்புக் கற்றை மட்டும்தான். நீ மிதித்தது அதற்குக் கீழே. மூன்று முறை படித்தேன். அச்சுப் பிழையாக இருக்கலாம்.

கொப்புளத்தை உடைக்கவில்லை.

சுந்தராம்பாள்


சங்கரன்கோவில் வட்டம்,
6 ஆகஸ்ட் 2025

பெரியம்மாவுக்கு,

படம் வந்தது. கம்பெனியில் எங்களுக்குத் தரும் டிராயிங்கைவிடத் தெளிவாக இருக்கிறது. இரண்டு நாள் பீடி சுற்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னட்டி, காதல் கடுதாசியா?" என்றாள் அம்மா. ஹவுஸ் ஓனர் அம்மாவின் முதுகு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஹார்னஸ் என்பது காருக்குள் ஓடும் மொத்த ஒயர்க் கட்டு. டெஸ்டிங்கில் என் வேலை, எந்த ஒயர் போயிருக்கிறது என்று சொல்வது இல்லை, எந்த இடத்தில் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. முன்னால் ஒரு விளக்கு எரியவில்லை, பின்னால் ஒரு கதவு பூட்டவில்லை என்றால், இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க மாட்டோம். இந்த இரண்டு ஒயரும் எங்கே ஒன்றாக ஓடுகின்றன என்று பார்ப்போம். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

உங்களுக்கு வலது கால் அசையவில்லை. இடது காலில் சூடு தெரியவில்லை. இந்த இரண்டும் உங்கள் படத்தில் எங்கே ஒன்றாக ஓடுகின்றன?

மூளையில் இல்லை. மூளையின் இடது பாதி கெட்டிருந்தால் வலது காலுக்கே அசைவும் போயிருக்கும், சூடும் போயிருக்கும். இடுப்பிலும் இல்லை. அங்கே அவரவர் பக்கத்து நரம்பு அவரவர் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஓடுவது தண்டுவடத்துக்குள்ளே, அதன் வலப் பாதியில் மட்டும்தான். கைகள் நன்றாக இருக்கின்றன, அழகாகக் கோடு போட்டிருக்கிறீர்கள். அதனால் கழுத்துக்குக் கீழே. அந்தப் பக்கத்தில் அச்சுப் பிழை இல்லை என்றால், இடுப்புக்கு மேலே.

பெரியம்மா, உங்களுக்குப் படம் எடுத்தது இடுப்பில். அந்த இடத்தில் தண்டுவடமே இல்லை. அதுவும் அவர்கள் எடுத்தது எலும்பு மட்டும் தெரிகிற படம்.

இன்னும் இரண்டு விஷயம் ஞாபகம் வந்தது. சண்டைக்கு எழுதவில்லை.

சித்திரையில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு வடகம் பிழிந்தீர்கள். வலது காலை மட்டும் "சுடுது சுடுது" என்று தூக்கித் தூக்கி வைத்தீர்கள். சாயந்தரம் பார்த்தால் இடது பாதம் முழுக்கக் கொப்புளம். நானும் கவியாவும்தான் மருந்து போட்டோம். ஒரே தரை, ஒரே வெயில். இடது கால் சுட்டது உங்களுக்குத் தெரியவில்லை.

அதற்கு முன்னால் பங்குனியில் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனோம். திரும்பும்போது வலது செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தீர்கள். யாரோ திருடிவிட்டார்கள் என்று பூக்காரம்மாவிடம் சண்டை போட்டீர்கள். ஒற்றைச் செருப்பை யார் திருடுவார்கள்? உங்கள் படத்தில் வலது காலின் தொடு உணர்வும் அதே வலப் பாதியில்தான் ஏறுகிறது.

இரண்டும் நான் மிதிப்பதற்கு முன்னால் நடந்தவை.

வயிற்றுக்கு மேலே வலப் பக்கம் கயிறு போட்டு இறுக்குவது போல இருக்கிறது, வாயு என்று தையிலிருந்து பூண்டு தின்றீர்களே, இப்போதும் இருக்கிறதா? இருந்தால் அந்த இடத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். என்னை விடுங்கள், உங்கள் காலுக்காகப் போங்கள்.

பாண்டிச்செல்வி


வல்லம் வடகால்,
14 ஆகஸ்ட் 2025

பாண்டிச்செல்விக்கு,

செருப்பு திருட்டுப் போனது திருட்டுப் போனதுதான்.

வடகம் விஷயம் எனக்கு ஞாபகம் இல்லை. பாபு இருக்கிறது என்கிறான். அவனுக்கு என் பக்கம் நிற்கும் பழக்கம் எப்போதும் இருந்ததில்லை.

உனக்காக இல்லாமல், என் நூல் சரியா என்று பார்க்க ஒரு சோதனை செய்தேன். கவியாவைக் கூப்பிட்டு, ஃப்ரிட்ஜில் இருந்து ஐஸ் கட்டியை எடுத்து என் இடது பாதத்திலிருந்து மேலே தேய்த்துக்கொண்டே வரச் சொன்னேன். அவள் உன் ஊர்ப் பக்கத்துக்காரி, வாய் சும்மா இருக்காது.

"ஜில்லுன்னு இருக்கா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லன்னு சொல்றேன்ல."

"தொடைக்கு வந்துட்டேன், பெரியம்மா. பாத்து, ஐஸ் தீந்துரப் போவுது."

தொப்புளைத் தாண்டி நாலு விரல் மேலே வந்ததும் சுளீர் என்றது. கவியா கண்மை எடுத்து அங்கே ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு மேலே ஜில்லென்று இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அதே கோடு. வலப் பக்கம் பாதம் வரை ஜில்லென்று தெரிகிறது. வயிற்றுக்கு மேலே வலப் பக்க இறுக்கம் இப்போதும் இருக்கிறது. நூலில் பார்த்தேன். அந்தக் கோட்டுக்குரிய நரம்பு முதுகின் நடுவிலிருந்து வருகிறது. நீ மிதித்த இடத்திலிருந்து ஒன்றரைச் சாண் மேலே.

இத்தனை எழுதியும் நான் ஸ்கேன் எடுக்கப் போவதில்லை. பாபு நேற்று இதற்காகத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவனுக்குச் சொல்லாத காரணத்தை உனக்கு எழுதுகிறேன், எழுத்தில் நான் மறைப்பதில்லை என்பதால்.

அந்த மெஷின் உன் கால் இல்லை என்று சொல்லிவிட்டால், என் இருபத்திரண்டாவது மனு பொய். என் நிலம் போனபோது என் பக்கம் இருந்தது நான் எழுதிய தாள் மட்டும்தான். "அந்தம்மா எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று தாலுகா அலுவலகத்தில் சொல்லுவார்கள். அந்தச் சொல் போய்விட்டால் நடந்து போய் எந்த அலுவலகத்தில் நிற்பேன்? கால் போகட்டும்.

நேற்றிலிருந்து இடது காலும் கனக்கிறது. இதைப் பாபுவிடம் சொல்லவில்லை.

சுந்தராம்பாள்


சங்கரன்கோவில் வட்டம்,
19 ஆகஸ்ட் 2025

பெரியம்மாவுக்கு,

கடிதம் இப்போதுதான் வந்தது. உட்கார்ந்து யோசிக்க நேரம் இல்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

நீங்கள் கேட்டதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "மே மாதம் பதினெட்டாம் தேதி நான் மிதித்ததால்தான் சுந்தராம்பாள் அம்மாளின் கால் போயிற்று." என் கையெழுத்து, தேதி, அம்மாவின் சாட்சிக் கையெழுத்து. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "கெளவி காலுக்கு நீ ஏம்ட்டி கையெழுத்துப் போடுத?" என்று அழுதாள். பிறகு போட்டாள்.

இனி ஸ்கேன் என்ன சொன்னாலும் உங்கள் மனு பொய் ஆகாது. நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். தாலுகா அலுவலகத்தில் காட்டலாம், கம்பெனியில் காட்டலாம். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, இன்றைக்கே போங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். வலப் பாதியை அழுத்துவது எதுவாக இருந்தாலும் இடப் பாதிக்கு வர ஆரம்பித்துவிட்டது.

பாண்டிச்செல்வி


வல்லம் வடகால்,
6 அக்டோபர் 2025

பாண்டிச்செல்விக்கு,

உன் தாள் ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி காலையில் வந்தது. படித்தேன். இருபத்திரண்டு மனு எழுதியவளுக்கு ஒரு தாளைப் பார்த்தால் அதில் இருப்பது மெய்யா பொய்யா என்று தெரியும். நீ எழுதியது பொய். என்னை அந்த மெஷினுக்குள் அனுப்புவதற்காக நீ பொய் சொன்னாய். உன் தாயார் அதற்குச் சாட்சி போட்டாள். பாபுவை வண்டியை எடுக்கச் சொன்னேன்.

"யம்மா, இன்னாமா நீ, அந்தப் பொண்ணு எழுதிக் குடுக்கலன்னா திட்ற, எழுதிக் குடுத்தா அழுவுற" என்றான். நான் அழவில்லை. கண்ணில் தூசி.

சென்னை அரசு மருத்துவமனையில் ஐஸ்வர்யா என்று ஒரு மருத்துவர். உன் வயதுதான் இருக்கும். சாவியால் என் வலது உள்ளங்காலைக் கீறினாள். கட்டைவிரல் மேலே விரிந்தது.

"பெரியவங்களுக்கு இது கீழதான் மடங்கணும்மா. மேல போனா, மேலேர்ந்து வர்ற உத்தரவு வந்து சேரலன்னு அர்த்தம்."

"தெரியும். தண்டுவடத்தோட வலப் பாதி. நடு முதுகு" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "யாரு சொன்னாங்க?"

"ஒயர் ஹார்னஸ் கம்பெனியில டெஸ்டிங்கில இருந்த பொண்ணு."

கண்மைக் கோடு போட்ட இடத்தையும் காட்டினேன். அதற்குச் சற்று மேலே ஸ்கேன் எடுத்தார்கள். ஆறாவது முதுகு முள்ளெலும்புக்கு நேராக, தண்டுவடத்தின் உறையில் ஒட்டி, வலப் பக்கத்திலிருந்து அழுத்திக்கொண்டு ஒரு கட்டி, நாவல் கொட்டை அளவு. புற்று இல்லை. மெதுவாக வளர்வதாம், மூன்று நான்கு வருஷமாக இருந்திருக்குமாம். தண்டுவடம் அறுபடவில்லை, நசுங்கி ஒதுங்கி நின்றிருக்கிறது.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"மிதிச்சதுல வந்துதா?"

"மிதிச்சா கட்டி முளைக்காதும்மா."

"மிதிச்சதுல நகர்ந்து அழுத்தியிருக்குமா?"

"அவங்க மிதிச்ச எடத்துல தண்டுவடமே கிடையாது. கட்டி தானா வளந்து அந்த வாரம் இடம் இல்லாம போச்சு. ஆனா யாரையும் இப்டி மிதிக்க விடாதீங்க. எலும்பு பலமா இல்லன்னா நொறுங்கிடும்."

"நிச்சயமா சொல்றீங்களா?"

"இன்னும் எத்தன வாட்டி கேப்பீங்க?"

எழுதித் தரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதித் தந்தாள். நகல் இத்துடன் உள்ளது.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி அறுவை சிகிச்சை. பதினெட்டாம் தேதி வரை வலது கால் கிடந்தபடியே கிடந்தது. ஐஸ்வர்யா சொன்னாள்: "வழி திறந்தாச்சும்மா. ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்தது, உடனே கேக்காது. காலு கேக்குதோ இல்லியோ, மூளை சொல்லிக்கிட்டே இருக்கணும்." காலையில் நாற்பது முறை, மாலையில் நாற்பது முறை கட்டைவிரலைப் பார்த்து அசை, அசை என்று மனதுக்குள் சொன்னேன். பதில் வராத இடத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதுவது எனக்குப் புதிது இல்லை. பத்தொன்பதாம் தேதி மாலை முப்பத்தோராவது தடவை, விரல் அசைந்தது. பக்கத்துக் கட்டில்காரி சத்தம் போட்டாள், வார்டே திரும்பிப் பார்த்தது. இப்போது கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் எட்டு நடை நடக்கிறேன். இடது காலின் கனம் போய்விட்டது. சூடு இன்னும் சரியாகத் தெரியவில்லை, அது கடைசியாக வரும் என்கிறார்கள்.

இருபத்து மூன்றாவது மனுவை நேற்று எழுதி முடித்தேன். உன் கம்பெனிக்கு. "எனது முந்தைய மனுவில் பாண்டிச்செல்வி மீது கூறியது உண்மைக்குப் புறம்பானது. அவரை நானே அழைத்தேன். என் நோய்க்கு அவர் காரணம் அல்ல. அது இருக்கும் இடத்தை முதலில் கண்டறிந்து சொன்னவர் அவர்தான்." இந்த வாசகத்தை எழுத எனக்கு நான்கு தாள் வீணாயிற்று. தாலுகா அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ சொல்லட்டும். தப்பாக எழுதினால் அதையும் எழுதிக் கொடுப்பாள் என்று சொல்லுவார்கள். மன்னிப்பு என்ற சொல்லை நான் எந்த மனுவிலும் போட்டதில்லை. இதிலும் வரவில்லை. என் தவறு என்று போட்டிருக்கிறேன். எனக்கு அதுதான் கனமான சொல்.

நீ எழுதிக் கொடுத்த தாளின் குறுக்கே "செல்லாது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உன்னிடமே திருப்பி அனுப்புகிறேன். உன் எண்ணின் தடையைக் கவியா எடுத்துவிட்டாள்.

இனி நடக்க வேண்டியவை:

பாபு: இருபத்து மூன்றாவது மனுவையும் மருத்துவரின் தாளையும் புதன்கிழமை கம்பெனி கேட்டில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வர வேண்டும். செக்யூரிட்டி வைத்துவிட்டுப் போகச் சொன்னால் வைத்துவிட்டு வரக் கூடாது.

எச்.ஆர்.: பத்து நாளுக்குள் உன்னை அதே டெஸ்டிங் வேலைக்கு, பழைய சர்வீஸோடு கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் இருபத்து நான்காவது மனு தொழிலாளர் அலுவலகத்துக்கு. அதை எழுதி வைத்துவிட்டேன், தேதிதான் போட வேண்டும்.

உன் தாயார் செல்லக்கனி அம்மாள்: முதுகைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். அதில் எவருக்காவது காலில் சூடு தெரியவில்லை, செருப்பு கழல்கிறது என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கவியா: உன் ரயில் வருகிற அன்று லீவு போட வேண்டும்.

நீ: வர வேண்டும். இனி யார் குப்புறப் படுத்துக்கொண்டு கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும், மிதிக்கக் கூடாது.

என் மூளை: காலையில் நாற்பது, மாலையில் நாற்பது. குறைக்கக் கூடாது.

என் வலது கால்: நீ வருவதற்குள் பதினான்கு படியும் ஏறி, மாடியில் உன் அறையைத் திறந்து, பெருக்கி வைக்க வேண்டும்.

சுந்தராம்பாள்